வாயிலுக்கு ஒரு காவல்



கெட்டுப்போகும் பூட்டுகளில் இரு வகை உண்டு. சாவி போட்டும் திறக்க மறுப்பது ஒரு வகை. வீட்டுக்காரர் தெருவில் நின்று தவிப்பார்; யாரையேனும் அழைத்து வந்து உடைப்பார்; அன்றோடு தொல்லை தீரும். மற்றொரு வகை, பூட்டியதுபோலவே தோற்றமளித்து, இழுத்தால் கையோடு வந்துவிடுவது. அது கெட்டிருப்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது; திருடனுக்குத்தான் முதலில் தெரியும். இந்த இரண்டாம் வகைப் பூட்டு ஒன்றை, தை மாதம் தொடங்கிச் சித்திரை வரையில், என் மிதிவண்டியிலேயே சுமந்து திரிந்தேன் என்பதை இன்று தங்களிடம் ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பின்னர், முழங்காலின் நலங்கருதி மின்சார மிதிவண்டி ஒன்று வாங்கினேன். அதன் நடுச்சட்டத்தில் பாட்டரிப் பெட்டி பொருந்தியிருக்கும். உள்ளே லித்தியம் அயனி மின்கலங்கள் 13 வரிசைகளாகத் தொடுக்கப்பட்டுள்ளன. மின்கலம் ஒன்றின் மின்னழுத்தம் சராசரியாக 3.6 வோல்ட், ஆகவே பெட்டிக்கு 48 வோல்ட் என்று பெயர். முழுதும் மின்னேற்றிய நிலையில் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட் ஆகும். பெருக்கிப் பார்த்தால் 54.6 வோல்ட். இந்த 4.2 என்னும் எல்லையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அதைக் கடந்து மின்னேற்றினால் மின்கலத்தின் உட்பொருள்கள் நிலைகுலைந்து வெப்பத்தை வெளிவிடத் தொடங்கும், அவ்வெப்பம் மேலும் வெப்பத்தைப் பிறப்பிக்கும், முடிவில் தீ. ஆதலால் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் காவற்பலகை ஒன்று வைத்திருக்கிறார்கள். அது வரிசை ஒவ்வொன்றையும் இடைவிடாது அளந்து, எல்லை மீறினால் மின்னோட்டத்தைத் துண்டிக்க வேண்டும்.

தை மாதத்தில் ஒரு நாள். பெட்டியின் செருகியிலே திருகு ஒன்று தளர்ந்திருந்தது. பெட்டியைக் கழற்றாமலே அதை முடுக்கப் புகுந்தேன். பௌதிகம் கற்பித்தவன் செய்யக்கூடிய காரியமா அது? திருப்புளி இரு முனைகளையும் ஒருங்கே தொட்டுவிட்டது. ஒரு பொறி, பட்டாசு வெடித்தாற்போல் ஓர் ஓசை, வண்டி செத்துக் கிடந்தது. சிறிது நேரங்கழித்துப் பார்த்தேன். மீண்டும் உயிர் பெற்றிருந்தது. காவற்பலகை தன் கடமையைச் செய்துவிட்டது என்று மகிழ்ந்து, அன்று மாலையே மேட்டுச் சாலையில் ஆறு கிலோமீட்டர் ஓட்டி வந்தேன். அதன்பின் மூன்று மாதம் வண்டி ஒரு குறையுமின்றி ஓடியது. குறையின்றி ஓடியதே குறை என்பது அப்பொழுது விளங்கவில்லை.

சித்திரையில், மின்னேற்றும் வேளையில் பெட்டி கைக்குச் சுடுவதைக் கண்டேன். வெயிற்காலம் என்று முதலில் எண்ணினேன். எனினும் மனம் ஒப்பவில்லை. என்னிடம் பயின்ற மாணாக்கர் ஒருவர் இத்தகைய பெட்டிகளைச் செப்பனிடும் கடை வைத்திருக்கிறார்; அவரிடம் கொண்டு சென்றேன். அவர் பெட்டியைப் பிரித்து வரிசை வரிசையாக அளந்தார். பன்னிரண்டு வரிசைகள் 4.18 வோல்ட் காட்டின. ஒன்று மட்டும் 4.41. நலிந்த வரிசை மற்றவற்றைவிட விரைவில் நிரம்பிவிடும்; அந்நிலையில் பலகை மின்னேற்றத்தை நிறுத்தியிருக்க வேண்டும்; நிறுத்தவில்லை. சார்ஜரோ மொத்த அழுத்தம் 54.6 ஆகும்வரை தள்ளிக்கொண்டே இருந்தது. அதற்குத் தனித்தனி வரிசைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது.

“சார், இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா தூங்கினீர்கள்?” என்று கேட்டார். ஆம், என் கட்டிலுக்கு நான்கடி தள்ளித்தான் வைத்திருந்தேன்.

அவர் பலகையை எடுத்து என் கையில் தந்து, அதில் கெட்டிருந்த உறுப்பைச் சுட்டிக் காட்டினார். விரல் நகத்தினும் சிறிது பெரிய கறுப்புச் சில்லு, மூன்று கால்கள். அது மாஸ்பெட் என்னும் டிரான்சிஸ்டர். வானொலியில் படம் வரைந்து காட்ட வழியில்லை. நேயர்கள் தத்தம் மனத்திலே கரும்பலகை ஒன்றை அமைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த டிரான்சிஸ்டர் ஒரு கதவு. எலெக்ட்ரான்கள் ஒரு கால் வழியே நுழைந்து மற்றொரு கால் வழியே வெளியேறும். நுழைவதை மூலம் என்றும் வெளியேறுவதை வடிகால் என்றும் கூறுவர். மூன்றாவது காலுக்கு ஆங்கிலத்தார் கேட் என்று பெயரிட்டனர். நாம் வாயில் என்போம். மூலத்தைக் காட்டிலும் வாயிலில் 10 அல்லது 12 வோல்ட் மிகுதியாக வைத்தால் கதவு திறந்து மின்சாரம் ஓடும்; அதை எடுத்துவிட்டால் கதவு மூடும். வியப்பு என்னவெனில், வாயில் வழியே மின்சாரம் உட்புகுவதே இல்லை. வாயிலுக்கும் உள்ளிருக்கும் சிலிக்கனுக்கும் இடையே மெல்லிய கண்ணாடித் தகடு போன்ற சிலிக்கன் டை ஆக்ஸைடு படலம் இருக்கிறது. ஆற்று மணலும் பெரும்பாலும் அப்பொருளே. படலத்தின் இப்பால் நிற்கும் மின்னூட்டம் அப்பால் இருக்கும் வழியைத் திறந்து மூடுகிறது. இப்படி ஒரு கருவி இயலும் என்ற கருத்துக்கு லிலியன்பெல்டு என்பார் 1920களிலேயே காப்புரிமை கோரினார். செய்து காட்ட இயலவில்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் முகமது அட்டல்லா, தாவோன் காங் என்னும் இருவர் 1959ஆம் ஆண்டில் அதைச் செய்து காட்டினர். ஒருவர் எகிப்தியர், மற்றவர் கொரியர்.

அந்தப் படலத்தின் தடிப்பு எவ்வளவு? இத்தகைய வலிய டிரான்சிஸ்டர்களிலும் 50 முதல் 100 நானோமீட்டர் அளவுதான். தலைமயிர் ஒன்றை ஆயிரம் ஏடுகளாகச் சீவினால் அவற்றில் ஓர் ஏடு என்று கொள்க. அந்த ஆக்ஸைடு நானோமீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு வோல்ட் தாங்கும். அதற்கு மேல் துளைபட்டுப்போகும். ஆகவே செய்பவர்கள் பாதுகாப்பு கருதி, மூலத்துக்கும் வாயிலுக்கும் இடையே எத்திசையிலும் 20 வோல்ட்டுக்கு மேல் வரலாகாது என்று எழுதி வைக்கிறார்கள். வடிகால் 80 அல்லது 100 வோல்ட் தாங்கும். வெளிக்கூடு நூறு ஆம்பியர் என்று பெருமை பேசும். வாயில் மட்டும் 20 வோல்ட்டுக்கே அஞ்சும். கோட்டையை எழுப்பி, திட்டி வாசலுக்குக் காகிதக் கதவு போட்டாற்போல!

வரட்சியான நாளில் கம்பளியை உரசிய கையில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிலைமின்சாரம் சேர்ந்திருக்கக்கூடும். அதனால்தான் செப்பனிடுவோர் மணிக்கட்டில் தரையோடு இணைந்த வார் ஒன்றைக் கட்டிக்கொள்கிறார்கள். ஆனால் என் பெட்டியில் அத்துளையை இட்டது கை அன்று.

1832ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஜோசப் ஹென்றி, பாட்டரியோடு நீண்ட கம்பியை இணைத்துப் பிரிக்கும்பொழுது பெரும் பொறி தோன்றுவதையும், குட்டைக் கம்பியில் அது தோன்றாமையையும் எழுதி வைத்தார். ஓடும் மின்சாரம் சட்டென நிற்க மறுக்கும். குழாயில் விரைந்தோடும் நீரை ஒரே திருகில் அடைத்தால் குழாய் ‘டக்’கென்று அதிர்வதைக் கேட்டிருப்பீர்கள், அதுவே இது. எவ்வளவு விரைவாகத் துண்டிக்கிறோமோ அவ்வளவு உயரமாக மின்னழுத்தம் எழும்பும். ஒரு மீட்டர் கம்பிக்கு அதன் தூண்டற் பண்பு ஏறத்தாழ ஒரு மைக்ரோஹென்றி என்று வைத்துக்கொள்ளலாம். குறுக்குச் சேர்க்கையில் 200 ஆம்பியர் ஓடுகிறது. அதை ஒரு மைக்ரோ செகண்டில் துண்டித்தால் 200 வோல்ட் எழும்பும். பத்து மைக்ரோ செகண்டு எடுத்துக்கொண்டால் 20 வோல்ட்தான். எட்டாம் வகுப்புப் பெருக்கலே போதும். கணக்கு எளிது, விளைவுதான் பெரிது.

இனிப் பலகையின் அமைப்புக்கு வருவோம். மின்கலங்களின் எதிர்முனைக்கும் பெட்டியின் வெளி எதிர்முனைக்கும் இடையே இரண்டு கதவுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஏன் இரண்டு? இந்த டிரான்சிஸ்டருக்குள் இயல்பாகவே ஒரு டையோடு உண்டு. கதவு மூடியிருந்தாலும் ஒரு திசையில் மின்சாரம் அதன் வழியே நழுவிச் செல்லும். ஆகவே ஒன்றுக்கொன்று முதுகு காட்டியவாறு இரண்டை நிறுத்துகிறார்கள். மின்கலத்தை ஒட்டியுள்ளது, மின்சாரம் வெளிச்செல்வதைத் தடுக்கும் கதவு. வெளிப்புறம் இருப்பது, மின்னேற்றத்தைத் தடுக்கும் கதவு. இவ்விரண்டாம் கதவின் மூலம், பெட்டியின் வெளி எதிர்முனையோடு நேராக இணைந்திருக்கிறது.

என் திருப்புளி குறுக்கே விழுந்தவுடன், பலகையின் மூளையாகிய சிறு சில்லு முதற் கதவைச் சாத்தியது. முற்றிலும் சரியான செயல். மின்னேற்றத்தில் யாதொரு குறையும் இல்லையாகையால், இரண்டாம் கதவின் வாயிலில் வழக்கம்போல் 12 வோல்ட்டை வைத்துக்கொண்டே இருந்தது. அதுவும் தவறன்று. ஆனால் முதற் கதவு மூடியதும், வெளி எதிர்முனை அநாதையாயிற்று. திருப்புளி அதை நேர்முனையோடு பிணைத்திருந்தது; எனவே அது நொடிப்பொழுதில் 54 வோல்ட் உயரத்துக்குத் தாவியது; கம்பியின் எழுச்சியும் அதன்மேல் ஏறிக்கொண்டது. அதோடு இணைந்த மூலமும் உடன் தாவியது. வாயிலோ, சில்லின் பிடியில் 12 வோல்ட்டிலேயே நின்றது. 54இல் 12 போனால் 42. இருபதுக்கு அஞ்சும் படலத்தின்மீது நாற்பத்திரண்டு!

ஆற்றங்கரை முளையில் குட்டைக் கயிற்றால் படகைக் கட்டி வைத்திருக்கிறார்கள். திடீரென்று வெள்ளம் வருகிறது. படகு எழுகிறது, முளை அசையாது, கயிறு அறுகிறது. மூலமே படகு, சில்லின் பிடியே முளை, ஆக்ஸைடுப் படலமே கயிறு. வெள்ளத்தையும் குறை சொல்லிப் பயனில்லை, முளையையும் குறை சொல்லிப் பயனில்லை.

பின்னர் நிகழ்ந்ததை என் மாணாக்கர் ஊகித்துச் சொன்னார், நானும் ஒப்புகிறேன். மின்னேற்றக் கதவு என்பது உண்மையில் பக்கம் பக்கமாக நின்ற நான்கு டிரான்சிஸ்டர்கள். நான்கின் வாயில்களும் ஒரே இணைப்பில். ஒன்று துளைபட்டதும் வாயிலுக்கு வந்த மின்னழுத்தம் அத்துளை வழியே வடிந்து, நான்கும் திறக்கமாட்டாமல் நின்றன. ஆயினும் வண்டி ஓடியது. ஏனெனில் முன்பு சொன்ன உள் டையோடு வெளிச்செல்லும் மின்சாரத்துக்கு வழிவிட்டது. திறந்த கதவு வழியே செல்லும்போது வெப்பம் சொற்பம். டையோடு வழியே செல்லும்போது 0.8 வோல்ட் அளவு வீணாகிறது. மேட்டில் ஏறுகையில் 15 ஆம்பியர் எனின், 12 வாட் வெப்பம். ஈயப் பற்று வைக்கும் சிறு சூட்டுக்கோல் அளவு வெப்பம் காற்றுப் புகாத பெட்டிக்குள்! அந்த ஆறு கிலோமீட்டரில் நான்கில் இரண்டு உள்ளே உருகி, மூன்று கால்களும் ஒன்றாய்ப் பிணைந்து, கதவு என்றென்றும் திறந்த நிலையில் ஒட்டிக்கொண்டது. வெப்பம் நின்றது, வண்டி செம்மையாக ஓடியது, மின்னேற்றமும் தங்குதடையின்றி நடந்தது. தங்குதடை செய்வதற்கென்றே வைத்த கதவு அது!

காவலன் இறக்கும்பொழுது கதவை மூடிவிட்டு இறந்தால் நன்று. டிரான்சிஸ்டர் பெரும்பாலும் அப்படி இறப்பதில்லை. அதனாலேயே அதன் வாயிலைக் காப்பது, ஏதோ ஓர் உதிரி உறுப்பின் விலையைக் காப்பது ஆகாது.

காக்கும் வழி யாது? வாயிலுக்கும் மூலத்துக்கும் குறுக்கே ஜீனர் டையோடு ஒன்றை இணைப்பதுதான் முதல் வழி. கடுகினும் பெரிது, மிளகினும் சிறிது. விலை ஓரிரு ரூபாய். வரையறுத்த மின்னழுத்தம் வரையில் அது வாளாவிருக்கும். அதைக் கடந்ததும் வழி திறந்து, மிகுதியைத் தன் வழியே கடத்திவிடும். 1934ஆம் ஆண்டில் இத்தகைய முறிவுக்கு விளக்கம் கண்ட கிளாரன்ஸ் ஜீனரின் பெயர் அதற்கு. வேடிக்கை யாதெனில், 5, 6 வோல்ட்டுக்கு மேற்பட்ட ஜீனர்களில் நிகழ்வது அவர் விளக்கிய முறிவே அன்று. அஃது எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தட்டியெழுப்பிப் பெருகும் சரிவு. பெயர் நிலைத்துவிட்டது, நாமும் மாற்ற வேண்டா.

எத்தனை வோல்ட் ஜீனர்? இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். வாயிலுக்கு நாள்தோறும் வேண்டுவது 12. தாங்கும் எல்லை 20. பன்னிரண்டையே தேர்ந்தால் அது எந்நேரமும் சிறிது கசிந்து பெட்டியை வறளச் செய்யும். பதினெட்டு என்றால், மிகுந்த மின்னோட்டம் பாயும்போது அதன் அழுத்தம் சற்று உயர்ந்து எல்லையைத் தொடும். 15 அல்லது 16 என்பதே நான் ஒப்பும் விடை. எதிர்த்திசையில் ஜீனர் சாதாரண டையோடு போல் 0.7 வோல்ட்டிலேயே வழிவிடும். என் பெட்டிக்கு வேண்டியிருந்தது இக்குணமே: மூலம் மேலே தாவும்போது, வாயிலையும் கைப்பிடித்து உடன் தூக்கிச் செல்லும்.

ஆயினும் ஜீனர் ஒன்றையே வைத்துவிட்டு நிம்மதியாக இருத்தல் இயலாது. வாயிலை அது தூக்கும்பொழுது, மறுமுனையில் சில்லு அதைக் கீழே பிடித்திருக்கிறதல்லவா? இருவரும் இழுத்தால் ஜீனரோ சில்லோ கருகும். ஆதலால் இடையே மின்தடை ஒன்று வேண்டும். படகின் கயிற்றை நீளமாக்குவதற்கு ஒப்பானது இது. ஆயிரம் ஓம் வைத்தால் ஏறத்தாழ 41 மில்லி ஆம்பியர் பாயும். பத்தாயிரம் ஓம் வைத்தால் 4. நல்ல பலகைகளில், சில்லிலிருந்து வாயிலுக்குச் செல்லலாம், திரும்ப வரலாகாது என்னும் வகையில் ஒரு டையோடும் இட்டு, வாயிலுக்கும் மூலத்துக்கும் குறுக்கே பத்து லட்சம் ஓம் மின்தடையும் வைப்பார்கள். கதவை மூடும் வேலை அந்த மின்தடையினுடையது. சில்லு கைவிட்டாலும் வாயில் அந்தரத்தில் ஆடாமல் மூலத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

அவ்வளவு பெரிய மின்தடையால் கதவு மெதுவாகத்தானே மூடும் என்று பின்வரிசை மாணவன் ஒருவன் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. சில மில்லி செகண்டு முதல் சில பத்து மில்லி செகண்டு வரை ஆகலாம். மின்னேற்றம் மிகுவது நிமிடக்கணக்கில் நிகழ்வது. அங்கே இத்தாமதம் பொருட்டன்று. குறுக்குச் சேர்க்கையைத் துண்டிக்கும் முதற் கதவுக்கு இம்முறை ஆகாது. அது மைக்ரோ செகண்டுக் கணக்கில் மூட வேண்டும். அங்கும் அளவு தவறலாகாது: மிக விரைந்தால் கம்பியின் எழுச்சி வடிகாலை உடைக்கும்; மிகத் தயங்கினால் பாதி மூடிய கதவிலே 200 ஆம்பியர் உராய்ந்து டிரான்சிஸ்டரை எரிக்கும். அங்கே சில பத்து அல்லது சில நூறு ஓம் மின்தடையைத் தேர்ந்து, ஆஸிலாஸ்கோப்பில் அலையைப் பார்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஏட்டில் மட்டும் போட்ட கணக்கை இவ்விடத்தில் நான் நம்பமாட்டேன்.

கம்பிகளைக் குட்டையாக வைப்பதும், வெளி முனைகளின் குறுக்கே எழுச்சியை வாங்கும் டையோடு வைப்பதும் உதவும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். ஜீனரை டிரான்சிஸ்டரின் கால்களை ஒட்டியே வைத்தல் வேண்டும். நீண்ட தடத்தின் மறுகோடியில் வைத்தால், அத்தடமே ஹென்றி கண்ட நீண்ட கம்பியாகி, எழுச்சி ஜீனரை எட்டுமுன் வாயிலை முடித்துவிடும்.

என் பலகையில் ஜீனர் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். மாணாக்கர் உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தந்தார். மின்னேற்றக் கதவை ஒட்டி, ‘இசட்’ எழுத்தும் எண்ணும் அச்சிட்டு, இரண்டு ஈயத் திட்டுகள் பளபளவென்று வெறுமையாக இருந்தன. வரைந்தவர் அறிந்தே இடம் விட்டிருக்கிறார். செய்தவர் அதை வைக்காமல் விட்டிருக்கிறார். எனக்குச் சினம் வந்தது. அறியாமையால் நேர்ந்த பிழையாயின் பொறுக்கலாம். இஃது அறிந்தவர் வைத்த காவலை, ஓரிரு ரூபாய்க்காகக் கணக்குப் பார்த்தவர் எடுத்தது. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பற்றிய செய்திகளைக் கேட்டோம். அவற்றின் பின்னர் மத்திய அரசு பாட்டரிகளின் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. விதி ஏட்டில் இருக்கலாம்; வெறுமையான இரண்டு ஈயத் திட்டுகளை வாங்குபவர் எப்படிக் காண்பார்? பெட்டியைப் பிரித்துப் பாருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பயிலாதவர் கை அங்கே புகலாகாது. என் திருப்புளியின் கதை போதும். விற்பவரிடமும் செப்பனிடுபவரிடமும், வாயிலுக்கு ஜீனர் உண்டா என்று கேட்கலாம். மின்னேற்றுகையில் பெட்டி வழக்கத்துக்கு மாறாகச் சுட்டாலும், ஒரு முறை குறுக்குச் சேர்க்கை நேர்ந்திருந்தாலும், வண்டி ஓடுகிறதே என்று இராமல் வரிசைகளை அளக்கச் சொல்லலாம்.

நலிந்த வரிசையை நீக்கிப் புதியது வைத்தார். டிரான்சிஸ்டர்கள் நான்கையும் மாற்றினார். பழையவற்றில் வாயிலுக்கும் மூலத்துக்கும் இடையே அளந்தோம். நல்லதாயின் மின்தடை எல்லையற்றதாகக் காட்ட வேண்டும். உருகிய இரண்டிலும் ஓம் கணக்கில்தான் காட்டியது. வெறுமையான இடத்தில் 15 வோல்ட் ஜீனரை ஒட்ட வைத்தார். பின் ஆஸிலாஸ்கோப்பை மாட்டி, சிறிய சுமை ஒன்றை இணைத்து முதற் கதவை மூடச் செய்தார். மூலம் 54 வோல்ட்டுக்கு எழுந்தது. வாயில் அதைவிட முக்கால் வோல்ட் தாழ்வாக, நிழல்போல் கூடவே எழுந்தது.

கடையில் ஜீனர்களைப் பத்துப் பத்தாகத்தான் விற்கிறார்கள். மீந்த ஒன்பதையும் ஒரு மாத்திரைச் சிமிழில் இட்டு மாணாக்கர் என்னிடமே கொடுத்தார். சென்ற வாரம் எதிர்வீட்டுக்காரர் தம் பெட்டியை அவரிடம் கொண்டுபோனார். வேறொரு பலகை, அதே வெறுமையான இரு திட்டுகள். சிமிழில் இப்போது எட்டு இருக்கின்றன.